கிராமத்துக்குள் ஆலை வந்தால் ஊர் என்னவாகும்?

கேள்வி இதுதான்: விவசாயத்தையோ மீன்பிடியையோ நம்பி அமைதியாக இருக்கும் ஓர் ஊரில் திடீரென்று பெரிய ஆலையோ தொழிற்பூங்காவோ வருகிறது. பத்து இருபது வருடங்களில் அந்த ஊர் என்னவாகும்? அது ஊருக்கு நல்லதா, கெட்டதா?

"ஊருக்கு" என்ற சொல்லில்தான் சிக்கல். அளவைக்கல் நட்ட மறுநாளே ஓர் ஊர் நான்கைந்தாகப் பிரிந்துவிடும். சாலையோரம் பட்டா நிலம் வைத்திருப்பவரின் கணக்கு ஒன்று. உள்ளே தள்ளி நிலம் வைத்திருப்பவரின் கணக்கு வேறு. குத்தகைக்கு உழுதவர், கூலிக்குப் போனவர், புறம்போக்கில் ஆடு மேய்த்தவர் ஆகியோரின் கணக்கு இன்னும் வேறு. ஒரே ஆலை ஒருவரைப் பணக்காரராக்கும்; அவருடைய வயலில் முப்பது வருடம் நாற்று நட்ட பெண்மணியின் பெயரோ இழப்பீட்டுப் பட்டியலில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஆகவே யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஆலைக்கு முன்னால் தகவல் வரும். அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. அறிவிப்பு வருவதற்கு வெகுநாள் முன்பே யாரோ சிலருக்குத் தெரிந்திருக்கும். தரகர்கள் வருவார்கள், அட்வான்ஸ் கொடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். கடன் நெருக்கடியில் இருப்பவர்தான் முதலில் விற்பார். பிறகு விலை பல மடங்கு ஏறும்போது, அந்த மண்ணில் ஒருநாளும் கால் வைக்காதவர் கைக்கு லாபம் போய்ச் சேரும்.

இந்தியாவில் இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கும் பழக்கம். 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சந்தை மதிப்பைக் கணக்கிடச் சொல்லும் வழிகளில் ஒன்று, முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதியை எடுத்துச் சராசரி பார்ப்பது. கிராமப்புறத்தில் அந்த மதிப்பை இரண்டு மடங்கு வரை பெருக்கலாம். வரும் தொகைக்குச் சமமான ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் ஊரே பல வருடமாக உண்மை விலையில் பாதியை எழுதி வந்திருந்தால், பெருக்கலும் அந்தப் பாதியின் மேல்தான் நடக்கும். இழப்பீடு போதாது என்று கொதிக்கும் ஊர்களில், கோபத்தின் ஒரு பங்கு இந்தப் பழைய பத்திரங்களின் மேலும் போக வேண்டும்.

அடுத்தது கட்டுமானக் காலம். என் கணிப்பில் ஊரைப் புரட்டிப் போடுவது இதுதான், ஆனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆலை ஓடத் தொடங்கினால் எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு புகை என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. ஒரு பெரிய ஆலையைக் கட்ட ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். கட்டி முடித்தபின் ஓட்டுவதற்குப் பெரும்பாலும் சில நூறு பேர் போதும். கட்ட வருகிறவர்கள் அநேகமாக வெளியூர்க்காரர்கள், குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள், தகரக் கொட்டகையில் தங்குபவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களும் ஏதோ ஒரு கிராமம் கைவிட்டதால்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் மூவாயிரம் பேர் இருந்த இடத்தில் ஒன்பதாயிரம் பேர் இருந்தால் கழிவுநீர் எங்கே போகும்? குப்பையை யார் அள்ளுவார்கள்? ஒரு செவிலியர் எத்தனை பேரைப் பார்ப்பார்? உள்ளாட்சிக்கு ஆலையின் முழு வரி வருவது ஆலை ஓடத் தொடங்கிய பிறகு. வரிவிலக்கு கொடுத்திருந்தால் அதற்கும் பல வருடம் கழித்து. செலவோ முதல் டிப்பர் லாரி ஊருக்குள் நுழைந்த அன்றே ஆரம்பித்துவிடும்.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை அதிகம் ஆராய்ந்தது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில்தான். 1970-களில் நிலக்கரிக்காகவும் எண்ணெய்க்காகவும் அங்கே பல சிற்றூர்கள் ஒரேயடியாக வீங்கின. வயோமிங் மாநிலத்துக் கில்லெட் நகரைப் பற்றி எல்டீன் கோர்ஸ் என்ற உளவியலாளர் 1974-ல் எழுதினார்: குடி, மனச்சோர்வு, இளைஞர் குற்றம், மணமுறிவு எல்லாம் பெருகிவிட்டன என்று. 'கில்லெட் நோய்க்குறி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1982-ல் வேறு சில சமூகவியலாளர்கள் இதற்கெல்லாம் ஆதாரம் வலுவாக இல்லை என்று மறுத்தார்கள். என் சாய்வும் அவர்கள் பக்கம்தான். ஆள் மூன்று மடங்கானால் காவல் நிலைய வழக்குகளும் மூன்று மடங்காகும். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால்தான் ஏதாவது புரியும். அதோடு இளைஞர்கள் அதிகம் வந்து சேர்ந்த ஊரில் இளைஞர்கள் செய்யும் தவறுகளும் கூடத்தான் இருக்கும்.

ஆனால் பிரச்சினையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வில்லியம் ஃப்ராய்டன்பர்க் என்ற சமூகவியலாளர் கொலராடோவில் இப்படி வீங்கிய கிரெய்க் என்ற ஊரை, வீங்காத மூன்று ஊர்களோடு ஒப்பிட்டு 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரியவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதின்பருவப் பிள்ளைகளிடம் தெரிந்தது. ஊர் மீதும் வாழ்க்கை மீதும் அவர்களுக்கு மனக்குறை அதிகமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. ஓர் ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதை அவர் 'அறிமுகத்தின் அடர்த்தி' என்றார். தெருமுனையில் நின்று புகைபிடிப்பவன் யார் வீட்டுப் பையன் என்று கடைக்காரருக்குத் தெரியும் என்பதுதான் ஒரு சிற்றூரின் காவல்துறை. ஆபத்தில்லாமல் குழந்தை தெருவில் விளையாடுவதும் அதனால்தான். முதியவர் இரண்டு நாள் திண்ணைக்கு வரவில்லை என்றால் யாராவது எட்டிப் பார்ப்பதும் அதனால்தான். புதியவர்கள் வந்ததால் பழையவர்களின் நட்பு அறுந்துபோவதில்லை. பெரியவர்கள் தங்கள் பழைய வட்டத்துக்குள் சுருங்கிக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஆனால் அந்த வட்டங்களுக்கு நடுவே இருந்த, பெயர் மட்டும் தெரிந்த, கண்ணில் பட்டால் தலையசைக்கிற பழக்கங்கள் மெலிகின்றன. பிள்ளைகள் வளர்ந்தது அந்த இடைவெளியில்தான்.

இது நிரந்தரமா? இல்லை. யூட்டா மாநிலத்தின் டெல்டா என்ற ஊரில் 1980-களில் பெரிய அனல்மின் நிலையம் கட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் கால் நூற்றாண்டு அளவுக்கு அந்த ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டு வந்தார்கள் ஆய்வாளர்கள். ஊரின் மீதான நிறைவு கட்டுமான காலத்தில் சரிந்தது, கூட்டம் கலைந்த பிறகு மெல்ல மீண்டது. சரிந்த ஊர் எழ முடியும் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தச் சரிவான வருடங்களில் பத்தாம் வகுப்பு படித்தவனுக்கு அந்த மீட்சியால் என்ன பயன் என்பது என் கேள்வி.

இன்னொரு சேதமும் இந்தக் காலத்தில்தான் நேரும். கட்டுமானக் கூலி உள்ளூர்க் கூலியைவிடப் பல மடங்கு அதிகம். வயல் வேலைக்கு ஆள் கிடைக்காது. பட்டறையில் பழகிய பையன் போய்விடுவான். பேருந்து ஓட்டுநர் லாரிக்கு மாறிவிடுவார். வாடகை ஏறும். அந்த வாடகையைக் கொடுக்க முடியாமல் முதலில் வெளியேறுவது உள்ளூர் பள்ளி ஆசிரியரும் ஓய்வூதியக்காரரும். ஆலை வந்து சேர்வதற்குள் பழைய தொழில்களில் சில செத்துப்போயிருக்கும். பின்னால் ஆலை ஆட்களைக் குறைக்கும்போது திரும்பிப்போக அவை இருக்காது.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக்கூட்டம். 1970-களின் தொடக்கத்தில் மொத்த மக்கள்தொகை சுமார் 17 ஆயிரம். மீன்பிடி, ஆடு வளர்ப்பு, கம்பளிப் பின்னல். பக்கத்துக் கடலில் எண்ணெய் கிடைத்தது. அதைக் கரைக்குக் கொண்டுவரச் சல்லம் வோ என்ற நீள் விரிகுடா தோதாக இருந்தது. வழக்கம்போல நிலத்தை முன்கூட்டியே மடக்கிப் போடும் வேலை ஆரம்பமானது. தீவு கவுன்சில் போராட்டம் நடத்தவில்லை, கைகூப்பி வரவேற்கவும் இல்லை. லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய்த் தனக்கென்று ஒரு சட்டத்தையே கேட்டு வாங்கியது: 1974-ம் ஆண்டு ஜெட்லாந்து (ஷெட்லாந்தின் பழைய பெயர்) கவுண்டி கவுன்சில் சட்டம். விரிகுடாவைச் சுற்றிய நிலத்தைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரம், துறைமுக நிர்வாகம், எண்ணெய் வருமானத்தைத் தனி நிதியாகச் சேர்த்துவைக்கும் உரிமை எல்லாம் கவுன்சிலுக்கு வந்தன. நிலத்தின் சொந்தக்காரர் கவுன்சில். எண்ணெய் நிறுவனங்கள் குத்தகைதாரர்கள். அதற்கு மேல், ஊரின் நிம்மதியைக் குலைப்பதற்கு ஈடாக 'இடையூறுத் தொகை' என்று பெயர் சொல்லியே நிறுவனங்களிடம் பணம் வாங்கினார்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு நேர்மையான தலைப்பில் வசூலான தொழிற்சாலைப் பணம் வேறில்லை.

அந்தப் பணத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கவில்லை. 1976-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி அதில் போட்டார்கள். முதியோர் இல்லங்கள், விளையாட்டு மையங்கள், சமூகப் பணிகள் எல்லாம் பல பத்தாண்டுகளாக அந்த நிதியிலிருந்து நடந்தன. கட்டுமான உச்சத்தில் ஆயிரக்கணக்கில் வந்த தொழிலாளர்களை ஊர்களுக்குள் விடாமல், ஆலைப் பக்கத்திலேயே தனிக் குடியிருப்புகளிலும் கரையோரம் நிறுத்திய கப்பலிலும் தங்கவைத்தார்கள். 1978 நவம்பரில் எண்ணெய் வந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மீன் பதனிடும் கூடங்களும் பின்னல் தொழிலும் ஆள் இல்லாமல் தவித்தன. 1978 டிசம்பரிலேயே ஒரு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. நிலத்துக்கான வாடகையை முதலிலேயே எழுத்தில் முடிக்காமல் விட்டதால், அது தீராத தகராறாகிப் பின்னாளில் நீதிமன்றம் வரை போனது. இத்தனை கவனமாக இருந்தவர்களே ஒரு வரியை எழுதாமல் விட்டு அல்லாடினார்கள்.

அவர்களால் எப்படி முடிந்தது? எண்ணெய் நிறுவனங்களுக்கு அவசரம் இருந்தது, வேறு தோதான துறைமுகம் அருகில் இல்லை, கவுன்சில் ஒரே குரலில் பேசியது. முதல் கான்கிரீட் கொட்டும் வரை ஊரின் கையில் இருக்கும் பலம் அதன்பின் இருக்காது. கட்டுமானம் தொடங்கியபின் நிறுவனத்துக்கு ஊர் தேவையில்லை, ஊருக்குத்தான் நிறுவனம் தேவை. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே உள்ள அந்தச் சில மாதங்களைப் பெரும்பாலான ஊர்கள் 'வேண்டும்' கட்சிக்கும் 'வேண்டாம்' கட்சிக்கும் நடுவே செலவழித்துவிடுகின்றன. 'என்ன நிபந்தனையில்' என்று கேட்பவரை இரண்டு பக்கமும் சந்தேகப்படும்.

அப்படி இரண்டாகப் பிளந்து நின்றதற்குச் சிங்கூர் சாட்சி. மேற்கு வங்கத்தில் 2006-ல் கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. ஒரு பகுதியினர் காசோலை வாங்கினார்கள், ஒரு பகுதியினர் மறுத்தார்கள். 2008-ல் ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போய்விட்டது. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது; பத்து வருடம் நிலத்தை இழந்திருந்ததால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னது. நிலம் வந்தது. ஆனால் கொட்டகைகளும் கான்கிரீட்டும் ஏறி, மேடுபடுத்தி, வாய்க்கால் அடைந்த நிலம் பழைய வயலாக வந்துவிடுமா? ஆலையும் இல்லாமல் வயலும் இல்லாமல் இருந்த அந்தப் பத்து வருடத்தை எந்தத் தரப்பும் முன்கூட்டிக் கணக்கில் வைக்கவில்லை.

நிலத்துக்குப் பணமா, வேறு ஏதாவதா என்பதும் ஆலை வருமா என்ற கேள்விக்கு இணையானது. மொத்தமாக வரும் பணம் விவசாயிக்குப் பழக்கமில்லாத பணம். நிலம் வருடா வருடம் கொஞ்சம் கொடுக்கும், ஒரேயடியாகத் தீராது. பணத்துக்கு அந்தக் குணம் கிடையாது. பழைய கடன், புது வீடு, வண்டி, தம்பியின் தொழில் என்று போய்விடும். ஹரியானா அரசு 2007-ல் இழப்பீட்டுக்கு மேல் 33 வருடங்களுக்கு ஆண்டுத் தொகை தரும் திட்டம் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம்.

சீனாவின் ஷென்ஜெனைப் பலரும் 'மீனவக் கிராமம் மாநகரமானது' என்று கதையாகச் சொல்கிறார்கள். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனபோது அந்தப் பகுதி மொத்தமாக லட்சக்கணக்கான பேர் வாழ்ந்த ஒரு மாவட்டம். மீனவக் கிராமங்கள் அதில் சில. 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 75 லட்சம் பேர். அங்கே அரசு வயல்களை எடுத்துக்கொண்டபோது வீட்டுமனைகள் கிராமத்தாரிடமே இருந்தன. அவர்கள் அதன்மேல் மாடிக்கு மேல் மாடி கட்டி, வந்து குவிந்த தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். எதிரெதிர் ஜன்னல்களிலிருந்து கைகுலுக்கிக்கொள்ளலாம் என்பதால் அவற்றுக்குக் 'கைகுலுக்கும் கட்டடங்கள்' என்று பெயர். அழகில்லை, காற்றில்லை. ஆனால் வயலை இழந்த விவசாயி வீட்டுக்காரராக நின்றார். ஆலைத் தொழிலாளிக்குத் தலைக்கு மேல் கூரை கிடைத்தது. விவசாயி கையில் ஒரு சொத்து மிஞ்சியது, அவ்வளவுதான் விஷயம்.

புனே அருகே மகர்பட்டாவில் 120 சொச்சம் விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, நில அளவுக்கு ஏற்பப் பங்கு வைத்த ஒரு நிறுவனமாக்கித் தாங்களே குடியிருப்பும் அலுவலக வளாகமும் கட்டினார்கள். இதை எல்லா ஊருக்கும் மருந்தாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மாநகர் விளிம்பில் இருந்த, பெரும்பாலும் ஒரே உறவுமுறைக்குள் இருந்த நிலம் அது. நிலம் இருந்தவர்களுக்குத்தான் பங்கு. கூலிக்காரருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. நிலமற்றவர்களையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக 2013 சட்டம் ஏற்கிறது, மூன்று வருடம் அங்கே பிழைப்பு நடத்தியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கும் தினக்கூலிக்கும் என்ன காகிதம் இருக்கும்? சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு ஆள் வரும்போது பட்டா வைத்திருப்பவர்களின் கூட்டத்துக்கு நடுவே அவர்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள்.

உள்ளூர் வேலை பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வாக்குறுதியில் 'உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை' என்று இருக்கும். எத்தனை பேர், எந்தப் பதவியில், நிரந்தரமா காண்டிராக்டா, 45 வயதுக்காரருக்கு என்ன என்று இருக்காது. காவலாளி, தோட்டவேலை, கேன்டீன் என்று முடியும். ஆலை வர மூன்று வருடம் ஆகும் என்றால், அந்த மூன்று வருடமும் தொழிற்பயிற்சிக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

ஆலை நிலைத்த பிறகு வரும் ஆபத்துக்குச் சத்தம் கிடையாது. ஊர் அதை நம்பி வாழத் தொடங்கிவிடும். ஆலை போனால் என்ன என்பது ஒரு பக்கம்: ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் தொடங்கிய கைபேசி ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஆலை இருந்துகொண்டே என்ன செய்யும் என்பது மறுபக்கம். ஜப்பானின் மினமாட்டாவில் சிசோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பாதரசம் கலந்த கழிவு கடலுக்குப் போனது. மீன் தின்றவர்களுக்குக் கைகால் நடுங்கியது, பேச்சு குழறியது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலையின் மருத்துவரே 1959-ல் கழிவுநீரைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. கழிவு நின்றது 1968-ல். இடைப்பட்ட 12 வருடங்களில் நோயுற்ற மீனவக் குடும்பங்களை ஒதுக்கிவைத்தவர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அந்த நகரின் சம்பளமும் வரியும் வியாபாரமும் அந்த ஆலையிலிருந்துதான் வந்தன. ஆலையைக் குற்றம் சொல்பவர் தங்கள் சோற்றில் மண் போடுபவராகத் தெரிந்தார்.

எனவே ஆலை வரப்போகிறது என்று தெரிந்த ஊருக்கு நான் சொல்லும் முதல் வேலை மறியலோ மாலையோ இல்லை, தண்ணீர் பிடிப்பது. ஊரில் உள்ள கிணறு, ஏரி, போர்வெல் ஒவ்வொன்றிலும், கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளையே வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். உப்பு, கடினத்தன்மை, உலோகங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும் தேதி போட்டு எழுதுங்கள். பத்து வருடம் கழித்து "இந்தத் தண்ணீர் எப்போதுமே இப்படித்தான் இருந்தது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லும்போது மறுக்க வேறு எதுவும் உங்களிடம் இருக்காது. கூடவே குத்தகைக்கு உழுபவர், கூலிக்குப் போகிறவர், மேய்ச்சலை நம்பியிருப்பவர் என்று வீடு வீடாக ஒரு பட்டியல் எடுத்து, கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்துவிடுங்கள். இரண்டையும் ஆலை பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் முடித்து, அந்தக் கூட்டத்திலேயே நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.